பெட்டிக்குப் பூஜை! பத்திரத்துக்குக் கரையான்!

சரஸ்வதி பூஜை என்பதாக வருஷத்துக்கொரு நாள் வருகிறது. அன்றைக்கு நம் பூதப்பாண்டி வட்டாரத்து வீடுகளில் நடப்பதென்ன? பரண்மேல் இருக்கும் பெட்டி கீழே இறங்குகிறது. புத்தகங்களோடு கணக்கு நோட்டுகளும், சில வீடுகளில் பழைய பத்திரக் கட்டும்கூட மணைப் பலகையில் அடுக்கப்படுகின்றன. அவற்றின்மேல் சந்தனம் தெளிக்கப்படுகிறது; குங்குமம் அப்பப்படுகிறது; கற்பூரப் புகை காட்டப்படுகிறது. ஆனால் அன்றைக்கு மாத்திரம் ஒருவரும் எதையும் படிக்கக் கூடாதாம்! கல்விக்குத் தெய்வம் என்று ஒன்றைச் சொல்லி, அந்தத் தெய்வத்தின் நாளிலே படிப்புக்குத் தடை போட்ட புத்திசாலித்தனம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று வாசகர்களைக் கேட்கிறோம். மறுநாள் பெட்டி மறுபடியும் பரணுக்குப் போகிறது. உள்ளே குங்கும ஈரமும் கரையானும் சேர்ந்து மிச்ச வேலையைப் பார்த்துக் கொள்கின்றன.

நாம் சொல்ல வந்த விஷயம் இதுதான். காகிதத்தைக் கும்பிடாதீர்கள், படியெடுங்கள். ஒரு படி அல்ல, பல படி எடுங்கள். எடுத்ததைப் பூட்டி வைக்காமல் பாத்தியப்பட்டவர் எல்லோருக்கும் கொடுங்கள். இன்றைக்கு அதற்கு ஸ்கேனர் என்கிற யந்திரமும், கம்ப்யூட்டரும், கையிலே செல்போனும் இருக்கின்றன. இவை இருந்தும் செய்யாதவன், தன் சந்ததியின் சொத்தையும் சரித்திரத்தையும் கரையானுக்கு எழுதி வைத்தவனே ஆவான்.

இது ஏதோ சாமான் விற்பவன் பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். எழுத்து யார் கையில் இருந்ததோ அவன் கையில்தான் நம்முடைய குடுமி இருந்து வந்திருக்கிறது. “சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறது” என்று ஒருவன் சொன்னால், “எங்கே காட்டு” என்று கேட்க நமக்கு வழியில்லாமல் இருந்தது. “பத்திரத்தில் அப்படி இருக்கிறது” என்று பண்ணையார் சொன்னால், குத்தகைக்காரன் கைநாட்டு வைத்துவிட்டு வந்தான். ஒரே படி, அதுவும் ஒருவன் பெட்டியில் என்றால், அந்த ஒருவன் சொல்வதே வேதம். பத்துப் படி பத்து வீட்டில் என்றால் பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆகவே படியெடுப்பது என்பது வெறும் குமாஸ்தா வேலை அல்ல. அதுவும் ஒரு சுயமரியாதைக் காரியமே.

பழைய காலத்து ஏடுகள் எப்படி ஒழிந்தன என்பதைச் சற்றுப் பார்ப்போம். பனை ஏடு என்பது சில நூறு வருஷம் இருக்கும், பிறகு உதிரும். உதிருமுன் வேறு ஏட்டில் பெயர்த்து எழுதினால்தான் உள்ளே இருக்கும் நூல் பிழைக்கும். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டிலே ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று விட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே, பழுதான ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இதை எழுதி வைத்தவர் நம் கட்சிக்காரர் அல்ல. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதய்யர் அவர்களே மனம் நொந்து எழுதி வைத்த சங்கதி அது. எத்தனை நூல் அந்த நெய்யில் வெந்ததோ, யார் கணக்குச் சொல்ல முடியும்? சாம்பலுக்கு நகல் கிடையாது.

வெகு தூரம் போவானேன்? நமக்கு வடக்கே அழகியபாண்டியபுரத்தில் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைப் பாருங்கள். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் கண்ணில் அவை பட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நம் காலத்தில் அ.கா. பெருமாள் அவர்கள் அவற்றைப் படித்துப் புஸ்தகமாகவும் ஆக்கியிருக்கிறார். அவற்றிலே வரி இருக்கிறது, நிலம் இருக்கிறது, ராஜாங்கத்து உத்தரவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மனிதனை மனிதன் விலைக்கு வாங்கிய அடிமை ஓலையும் இருக்கிறது. மாட்டை விற்பது போல மனிதனை விற்றுச் சாட்சிக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். இன்றைக்கு மேடையில் ஏறி, “நம் தர்மத்தில் அடிமையே கிடையாது, எல்லோரும் பாலும் தேனுமாக இருந்தோம்” என்று பேசுகிறவர்கள் அனேகம் பேர். அவர்கள் வாயை அடைக்க நம் கையில் உள்ள ஆயுதம் என்ன? அந்த ஓலைதான்! அதைச் செல் அரித்திருந்தால், அடிமையாய்ச் செத்தவனுக்கு இந்தப் பூமியில் பிறந்ததற்கே அத்தாட்சி இல்லாமல் போயிருக்கும்.

நம்மூரில் 1907-இல் பிறந்த ப. ஜீவானந்தம் அவர்கள் விஷயமும் அப்படியே. பகத்சிங் சிறையிலிருந்தபடி தான் நாத்திகனானதன் காரணத்தை எழுதினார். அதை 1930-களில் தமிழாக்கியவர் நம்மூர் ஜீவா. வெள்ளைக்கார சர்க்கார் அதன்மேல் பாய்ந்தது, புஸ்தகத்தையும் பறித்தது. பிறகு அது எப்படிப் பிழைத்தது? சுவாமி வந்து காப்பாற்றினாரா? பல கைகளில் பல படிகள் இருந்ததால் பிழைத்தது. சர்க்கார் ஒரு வீட்டைச் சோதனை போடலாம். எல்லா வீட்டையும் சோதனை போட முடியுமா?

அந்தக் காலத்துப் பத்திரிகைக் காகிதமோ மரக்கூழில் செய்த மலிவுச் சரக்கு. அதற்குள்ளேயே இருக்கும் அமிலம் அதைப் பழுப்பாக்கி அப்பளம் போல் நொறுக்கிவிடும். இந்த மாவட்டத்திலோ தென்மேற்குப் பருவமும் மழை. வடகிழக்குப் பருவமும் மழை. 2017-இல் ஒக்கிப் புயல், 2021 நவம்பரில் வெள்ளம், 2023 டிசம்பரில் மறுபடியும் பெருமழை. இவற்றில் எந்த வெள்ளமாவது பூஜை போட்ட பெட்டி இது என்று விலகிப் போயிற்றா?

இனி, இந்த யந்திரம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கண்ணாடியின்மேல் காகிதத்தைக் கவிழ்த்து வைக்கிறோம். அடியிலே ஒரு விளக்கு நகர்ந்து போகிறது. காகிதத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை, வரிசையாய் வைத்த சிறு சிறு ஒளியுணரும் கருவிகள் வாங்கி, புள்ளி புள்ளியாக எண் போடுகின்றன. முழுக் கறுப்பு என்றால் 0, முழு வெள்ளை என்றால் 255, நடுவே உள்ளவை சாம்பல். வர்ணம் வேண்டுமானால் ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். அந்த எண்களின் பட்டியல்தான் கம்ப்யூட்டரில் படமாக நிற்கிறது. 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் முதன்முதலாக ஒரு படத்தை இப்படிக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு போனார். அது மூன்று மாதமான தன் குழந்தையின் படம். பக்கத்துக்கு 176 புள்ளிகள், மொத்தம் 30,976. இன்றைக்கோ ஒரு ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று எடுத்தால் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள் வருகின்றன. வர்ணத்தில் சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்.பி. இடம் பிடிக்கும். இதைச் செய்தது கடவுள் அல்ல, மனிதன். அவன் செய்ததை நாமும் கற்றுக் கொள்ளலாம்.

ஆனால் அரைகுறையாய்க் கற்றால் ஆபத்து உண்டு. அதற்கு எனது சொந்த அனுபவம் ஒன்றையே சொல்லுகிறேன். எனது பாட்டனார் கொல்லம் 1118-இல், அதாவது 1943-ஐ ஒட்டி, ஒரு வயலை ஒற்றியிலிருந்து மீட்டார். அந்தப் பத்திரம் மடிப்பு மடிப்பாய்க் கிழிய ஆரம்பித்திருந்தது. ஒரு கடைக்குக் கொண்டு போய், “தம்பி, அழுக்கெல்லாம் போக நல்லா வெளுப்பா எடுத்துத் தா” என்றேன். அந்தப் பையனும் படம் திருத்தும் சாப்ட்வேரில் ஏதோ தட்டினான். கறை போயிற்று, பழுப்புப் போயிற்று, பாலில் கழுவியது போல வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து மாத்திரம் நின்றது. நானும் மகிழ்ந்து போய், இனி இந்தக் கந்தல் எதற்கு என்று மூலத்தைத் தூக்கிப் போடவும் நினைத்தேன்.

நல்ல வேளையாகச் சோம்பலினால் போடவில்லை. சில மாதம் கழித்து, பாட்டனாரின் தங்கை வழிப் பேத்தி ஒருத்தி வந்தாள். “அண்ணாச்சி, அந்த வயல் மீட்க எங்க பாட்டி பாம்படத்தை வித்துக் குடுத்தாளாம். பத்திரத்துல எழுதியிருக்குன்னு அம்மா சொல்லுவா. பாத்துச் சொல்லுங்க” என்றாள். கம்ப்யூட்டரில் இருந்த நகலைப் பார்த்தேன். அப்படி ஒரு எழுத்தும் இல்லை. “இல்லை” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மனம் கேளாமல் மூலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்திலே, நனைத்தால் ஊதாவாகிற அந்தக் காலத்துப் பென்சிலால், மங்கலாக இரண்டு வரி. தங்கை பாம்படம் விற்றுத் தந்த பணம் இவ்வளவு; அதற்கு அவள் பங்கு இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று பாட்டனார் கையாலேயே எழுதியிருந்தது!

நடந்தது என்ன? அந்தப் பையன் தட்டியது ‘த்ரெஷோல்ட்’ என்கிற வேலை. ஒரு எண்ணை எல்லையாக வைத்து, அதற்கு மேலே உள்ள புள்ளி எல்லாம் வெள்ளை, கீழே உள்ளதெல்லாம் கறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிடும். மங்கலான பென்சில் கறையோடு சேர்ந்து வெள்ளையாகிவிட்டது. யந்திரம் அந்த அம்மாளையே அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிட்டது. யந்திரத்தின்மேல் குற்றமில்லை. வெளுப்புக் கேட்டவன் நான். பதிவான பிறகு ஓரத்தில் எழுதியது ஆனபடியால், பதிவு ஆபீஸ் நகலிலும் அந்த வரி இருக்காது. உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கந்தல். அதைத்தான் நான் குப்பையில் போட இருந்தேன்! பெண்ணின் பங்கை மறைக்க நம் தேசத்தில் சாஸ்திரம் ஒன்று போதாதென்று நானும் ஒரு கை கொடுக்க இருந்தேன்.

ஆகவே தோழர்கள் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, எந்தப் பழைய தாளையும் வர்ணத்திலேயே எடுக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையலாகாது. எழுத்துப் பொடியாகவோ மங்கலாகவோ இருந்தால் 600. பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். முத்திரையும் சாட்சிக் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்டக் கூடாது.

இரண்டாவது, முதலில் எடுத்த படத்தை ‘டிஃப்’ அல்லது ‘பி.என்.ஜி.’ வகையில் அப்படியே வைத்துவிட வேண்டும். அதைத் தொடக் கூடாது. ‘ஜேபெக்’ என்பது இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டுச் சுருக்குவது. திறந்து திருத்தி மறுபடி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் தேயும். படிக்கச் சுலபமாக வேண்டுமென்றால் ஒரு நகலை எடுத்து அதில் வெளிச்சம் கூட்டுங்கள், கோணலை நிமிர்த்துங்கள். அதற்குக் ‘கிம்ப்’ என்கிற சாப்ட்வேர் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் 1995-இல் ஆரம்பித்தது. காசு கொடுக்க வேண்டாம். யாரும் எடுத்து உபயோகிக்கலாம். அறிவைப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்தவர்கள் செய்த காரியம் அது.

மூன்றாவது, திருத்தலாம் என்பதற்காக எழுத்தை மாற்றினால் அது திருத்தமல்ல, திருட்டு. கிழிந்த இடம் கிழிந்ததாகவே தெரிய வேண்டும்.

நான்காவது, ஸ்கேனர் இல்லாதவர்கள் செல்போனிலேயே எடுக்கலாம். தாளைச் சமமாய் வைத்து, நிழல் விழாமல் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். தானாகவே வெளுத்துக் காட்டும் வித்தையை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும்.

இது நிற்க. படமாக இருக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டரே படித்துத் தட்டச்சு போல ஆக்கித் தரும் வித்தையும் வந்திருக்கிறது. ‘டெஸராக்ட்’ என்பது அப்படிப்பட்ட ஒன்று, 2005-இல் எல்லோருக்கும் இலவசமாக விடப்பட்டது, தமிழும் படிக்கும். ஆனால் உடனே அதையும் ஒரு சாமியாக்கிவிடாதீர்கள்! பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ மூலம் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். சர்க்கார் அதை ஒப்பி உத்தரவு போட்டது 1978-இல்தான். அதற்கு முந்திய அச்சில் ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகள் வேறு உருவத்தில் இருக்கும். இன்றைய எழுத்தை மாத்திரம் பழக்கிய யந்திரம் அங்கே தடுமாறும். பழைய பத்திரங்களிலோ தமிழ் எண்கள் இருக்கும். ஒன்று என்பதற்கு ‘௧’, இரண்டுக்கு ‘௨’, ஏழுக்கு ‘௭’, எட்டுக்கு ‘௮’. இவை க, உ, எ, அ என்ற எழுத்துகளைப் போலவே இருப்பதால் யந்திரம் எண்ணை எழுத்தென்று சொல்லிவிடும். காணி, மா போன்ற பழைய கணக்குக் குறிகள் உள்பட 51 குறிகளுக்குக் கம்ப்யூட்டர் எழுத்து முறையில் இடம் கிடைத்ததே 2019-இல்தான். எட்டு மரக்கால் என்பது ‘அ மரக்கால்’ ஆகிவிட்டால் வயல் யாருக்கு? கையெழுத்துப் பத்திரத்தைப் படிப்பது இன்னமும் கஷ்டம். ஆகவே யந்திரம் படித்ததை மனிதன் மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். புராணத்தை நம்பாதே என்று சொல்லுகிற நாம், யந்திரம் சொன்னதை அப்படியே நம்பினால் நமக்கும் பக்தனுக்கும் என்ன வித்தியாசம்?

இனிச் சிலர் ஆட்சேபணை சொல்லுவார்கள். “மூலம் பத்திரமாயிருக்க நகல் எதற்கு?” என்பார்கள். யாழ்ப்பாணத்தில் 1981-இல் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 புஸ்தகங்களும் ஏடுகளும் ஒரே இரவில் போயின. அவையும் பத்திரமாய்த்தான் இருந்தன, நல்ல கட்டடத்தில். அந்தப் புத்தி கற்ற ஈழத் தமிழர்கள் 2005 முதல் ‘நூலகம்’ என்கிற பெயரில், கிடைத்த நூலையும் பத்திரிகையையும் படமெடுத்து உலகத்துக்கே திறந்து வைத்து வருகிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் பண்டிதரா? போர்டு எழுதிப் பிழைத்தவர். பிறர் பழசு என்று தள்ளியதைச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபின், சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கிச் சென்னையிலேயே 1994-இல் நூலகமாக்கிற்று. இன்றைக்குப் பட்டம் வாங்குகிறவர்கள் எல்லாம் அங்கே போய்க் காத்திருக்கிறார்கள்.

“நகல் இருந்தால் போதுமே, மூலத்தை எறிந்துவிடலாமே” என்பார்கள் வேறு சிலர். கூடவே கூடாது. கோர்ட்டில் முதல் சாட்சி மூலப் பத்திரமே. தொலைந்தால் சார்பதிவாளர் ஆபீசில் மனுப்போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம். நாம் எடுத்த படம் அதற்கு ஈடாகாது. ஆனால் என்ன தொலைந்தது, எந்த வருஷம், எந்த நம்பர் என்று சொல்லவாவது அந்தப் படம் வேண்டும். கம்ப்யூட்டர் தட்டும் சாகும். போன் ஆற்றில் விழும். ஆகவே வீட்டில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று, இன்டர்நெட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். சொத்துப் பத்திரத்தை ஊர் வாட்ஸ்அப்பில் எல்லாம் சுற்ற விட வேண்டாம். பாத்தியப்பட்டவருக்கு மாத்திரம் போகட்டும்.

கடைசி ஆட்சேபணைதான் முக்கியமானது. வெளியே சொல்ல மாட்டார்கள், மனதுக்குள் இருக்கும். “எல்லோருக்கும் நகல் கொடுத்தால் தங்கச்சி பங்கு கேட்பாளே!” என்பது அது. கேட்கட்டுமே! நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி என்று ஒரு முறை இருந்து, பெற்ற பிள்ளையும் கட்டிய மனைவியும் நடுத்தெருவில் நின்ற கொடுமையைக் கவிமணி அவர்கள் சிரிக்கச் சிரிக்கப் பாடினார். கொல்லம் 1101-இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று சட்டம் வந்தது. 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்கும் சமச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமப் பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்து என்ன பயன்? பெட்டிச் சாவி அண்ணன் இடுப்பில் இருக்கிறதே! சர்வே நம்பர்கூடத் தெரியாத பெண் எந்தக் கோர்ட்டில் போய் என்னவென்று கேட்பாள்? சாவியைப் பிடுங்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். பத்திரத்தின் படம் ஒவ்வொரு மகன் மகள் போனிலும் இருந்தால் போதும். சாவிக்கு இருக்கும் மரியாதை தானே போய்விடும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்த ஊதா எழுத்தை வர்ணத்தில் 600 புள்ளியில் எடுத்து, கேட்க வந்த பெண்ணிடமும், எனது தம்பி தங்கைகளிடமும் கொடுத்தேன். வீட்டில் சிலருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும். அந்த வயல் விஷயத்தில் இனி யாரும் “அப்படி ஒன்றும் இல்லை” என்று சொல்ல முடியாது.

ஆகையால் தோழர்களே! அடுத்த சரஸ்வதி பூஜையன்று எப்படியும் பெட்டியை இறக்கத்தான் போகிறீர்கள். இறக்குங்கள். குங்குமத்தை எடுத்து அப்பால் வையுங்கள். தாள்களை ஒவ்வொன்றாய் விரித்து, வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் சுற்றி உட்கார வைத்து, உரக்கப் படியுங்கள். பிறகு படமெடுங்கள். நம் படிப்பகங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுவிழா மாலைச் செலவில் ஒரு பங்கைக் குறைத்து ஒரு ஸ்கேனர் வாங்கிப் போட்டு, ஏழை எளியவர் கொண்டு வரும் தாளைக் காசில்லாமல் எடுத்துக் கொடுக்கட்டும். கூட்டம் போட்டுப் பேசுவதைவிட அது பெரிய பிரசாரம். பூஜை போட்ட பெட்டி ஒரு நாளும் வாய் திறந்து பேசியதில்லை. அதற்குள் இருக்கும் காகிதம் பேசும். பேசுவதற்குள் அதைக் கரையான் தின்ன விடாதீர்கள்.

— பூதப்பாண்டி ஓர் சுயமரியாதைக்காரன்